மிளகாய்க் கன்றின் இலைச்சுருளல்: வைரசு எது, பூச்சி எது?



காடு பற்றிய காணியைத் துப்புரவாக்கி, தூர்ந்த கிணற்றை இறைத்து, மறுபடியும் பயிர் செய்யத் தொடங்கும் குடும்பத்துக்கு மிளகாய் ஒரு நல்ல துணை. நெல்லுக்குக் கட்டுக்கரைக் குளத்து நீர் வரவேண்டும். மிளகாய்க்கு ஒரு கிணறும் கால் ஏக்கர் நிலமும் போதும். பச்சையாகவும் விற்கலாம், காயவைத்துச் செத்தலாகவும் விற்கலாம். 1990 இல் மன்னாரை விட்டுப் போக நேர்ந்த குடும்பங்களில் பல, புத்தளம், கற்பிட்டி மணல் நிலங்களில் தோட்டம் செய்தே பிள்ளைகளை வளர்த்தன. 2007 இல் முசலியிலிருந்தும், 2008 இல் மாந்தை மேற்கிலிருந்தும் இடம்பெயர்ந்து, பின்னர் ஊர் திரும்பியவர்களும் இதே பயிரை நம்பியிருக்கிறார்கள்.

ஆனால் நட்டு ஒரு மாதம் கழிந்ததும் இலை சுருளத் தொடங்கினால் எல்லோருக்கும் கலக்கம் வந்துவிடுகிறது. ஒருவர் கடனுக்கு மருந்து வாங்கி அடித்துக்கொண்டே இருக்கிறார். இன்னொருவர் மனம் உடைந்து முழுவதையும் பிடுங்கி எறிகிறார். இரண்டுமே நட்டம். முதலில் செய்யவேண்டியது, நோயை அடையாளம் காண்பது. அதையே இந்தப் பாடத்தில் படிப்போம்.

வைரசு என்றால் என்ன?

வைரசு பூச்சியும் அல்ல, பூஞ்சணமும் அல்ல. சாதாரண நுணுக்குக்காட்டியால்கூடக் காணமுடியாத மிக நுண்ணிய நோய்க்காரணி அது. 1892 இல் இவானோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் நோயுற்ற புகையிலையின் சாற்றை, பற்றீரியாவையும் தடுத்து நிறுத்தும் வடியில் வடித்தார். வடிந்த சாறும் நல்ல கன்றுக்கு நோயைக் கொடுத்தது. 1898 இல் ஒல்லாந்தரான பெய்ஜெரிங்க் இதைத் தனி வகைக் காரணியாகக் கண்டு வைரசு என்று குறிப்பிட்டார். ஆகவே வைரசைப் பற்றி உலகம் முதலில் அறிந்தது ஒரு தோட்டப் பயிரிலிருந்துதான். புகையிலையும் மிளகாயும் ஒரே குடும்பம். தக்காளியும் கத்தரியும் அப்படியே.

வைரசு கன்றின் உயிர்க்கலங்களுக்குள் புகுந்து அங்கேயே பெருகும். அதனால் ஒரு முறை தொற்றிய கன்றைக் குணப்படுத்த எந்த மருந்தும் இல்லை. இதை முதலாவது பாடமாக மனதில் வைப்போம். நாம் அடிக்கும் மருந்து பூச்சியைக் கொல்லலாம், வைரசைக் கொல்லாது.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

இலை சுருண்டால் எல்லாம் வைரசு அல்ல. காலையில் வெயில் ஏறுமுன் தோட்டத்துக்குள் இறங்கி, நுனிக் குருத்தைப் பிடித்து இலையின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பாருங்கள்.

1. இலையின் இரு ஓரமும் மேல்நோக்கி வள்ளம் போல் மடிந்து, அடிப்புறம் வெள்ளி பூசியது போல் மினுங்கிப் பின்னர் பழுப்பு நிறமானால், அது பனிப்பூச்சி. ஒரு வெள்ளைக் கடதாசியின் மேல் குருத்தைத் தட்டினால் ஊசிமுனை போன்ற சிறு பூச்சிகள் ஊர்வதைக் காணலாம். வரண்ட காலத்தில் இது அதிகம்.

2. இலை ஓரம் கீழ்நோக்கி, கவிழ்த்த வள்ளம் போல் வளைந்து, இலை ஒடுங்கி, காம்பு நீண்டு போனால், அது சிற்றுண்ணி. இது வெறுங் கண்ணுக்குத் தெரியாது, கைவில்லை வேண்டும். ஈரப்பதன் கூடிய நாட்களில் பெருகும்.

3. இலைகள் சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கி, கன்று குட்டையாகிப் பற்றை போல் நின்றால், அது இலைச்சுருளல் வைரசாக இருக்கலாம். பூ உதிரும், காய் பிடிப்பது அரிது. இதைப் பரப்புவது வெண் ஈ. கன்றை மெல்ல அசைத்தால் வெண்மையான சிறு ஈக்கள் எழும்பிப் பறக்கும்.

4. இலையில் கடும்பச்சையும் இளம்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, சித்திர வேலை போல் தெரிந்தால், அது சித்திர வைரசு. சில கன்றுகளில் இலை நூல் போல் ஒடுங்கும். நரம்பை அண்டி மட்டும் கடும்பச்சைப் பட்டி ஓடினால், அது நரம்புப் புள்ளி வைரசாக இருக்கலாம். இவ்விரண்டையும் பரப்புவது அழுக்கணவன்.

5. புகையிலையைத் தாக்கும் சித்திர வைரசின் இனங்கள் மிளகாயையும் தாக்கும். இவற்றுக்குப் பூச்சி தேவையில்லை. கை, கத்தி, உடுப்பு, காய்ந்த இலைச் சருகு, விதையின் தோல் ஆகியவற்றால் பரவும். பீடி, சுருட்டு, வெற்றிலைப் புகையிலை தொட்ட கையோடு கன்றைத் தொடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஏமாற்றும் வேறு காரணங்கள்

வயலுக்குப் பக்கத்தில் மிளகாய் நட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நெல்லுக்கு அடிக்கும் எம்.சி.பி.ஏ. போன்ற களைநாசினி காற்றில் வந்து பட்டாலும், அந்தத் தெளிகருவியைச் சரியாகக் கழுவாமல் மிளகாய்க்குப் பயன்படுத்தினாலும், இலை ஒடுங்கி முறுகும். பார்த்தால் வைரசு போலவே இருக்கும். ஆனால் அது காற்று வந்த பக்கத்துக் கன்றுகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தோன்றும். சிறிதளவே பட்டிருந்தால், பின்னர் வரும் குருத்து நன்றாக இருக்கும். வைரசு அப்படியல்ல; அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, நாளுக்கு நாள் அக்கம்பக்கம் பரவும்.

தீவிலும் கரையோரத்திலும் கிணற்று நீர் உவர்த்தால் இலையின் ஓரம் கருகும். அதுவும் வைரசு அல்ல.

ஒரு தோட்டத்தில் நாம் கண்டது

ஊர் திரும்பிய ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து மிளகாய் நட்டிருந்தது. நாம் போன அன்று, தோட்டம் முழுவதையும் பிடுங்கிவிடுவது என்று தகப்பன் முடிவெடுத்திருந்தார். ஒரு கடையில் கொடுத்த மருந்தை நாலு தரம் அடித்தும் பயன் இல்லை என்றார். தாய் மட்டும், "எல்லாக் கன்றும் ஒரே மாதிரிச் சுருளேல்லை, வந்து பாருங்கோ" என்று எம்மை வரிசை வரிசையாகக் கூட்டிச் சென்றார். அவர் சொன்னது சரி. பெரும்பாலான கன்றுகளில் இலை கீழ்நோக்கி வளைந்திருந்தது. கைவில்லையில் சிற்றுண்ணி தெரிந்தது. ஏறக்குறைய 30 கன்றுகளில் மட்டுமே இலை மேல்நோக்கிச் சுருண்டு, கணு நெருங்கியிருந்தது.

அந்த 30 ஐயும் அன்றே அகற்றினோம். மற்றவற்றுக்கு, போதனாசிரியரின் ஆலோசனைப்படி நனையும் கந்தகத்தூளை வெயில் தணிந்த நேரத்தில் தெளித்தார்கள். இரண்டு கிழமையில் புதிய குருத்து விரிந்த இலையோடு வந்தது. அந்தப் போகத்தில் அடகு மீட்கக் காசு போதவில்லை. ஆனாலும் வட்டி கட்டவும் அடுத்த போகத்துக்கு விதை எடுக்கவும் முடிந்தது. முன்பு அடித்த மருந்து பூச்சிக்கானது. சிற்றுண்ணிக்கு அது உதவவில்லை. இதில் ஒரு பரிசோதனையும் அடங்கியிருக்கிறது: சரியான மருந்துக்குப் பின் குருத்து தேறினால் அது பூச்சி அல்லது உண்ணி. தேறாவிட்டால் வைரசு என்று சந்தேகிக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

நாற்றுமேடையைக் காப்போம். இளவயதில் தொற்றினால்தான் இழப்பு மிக அதிகம். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் வெண் ஈ நுழைந்துவிடும். நெருக்கமான நைலோன் வலை இல்லையென்றால், பழைய மெல்லிய வொயில் சேலையைத் தடி வளைத்து மேலே கட்டி, ஓரங்களை மண்ணால் மூடுங்கள்.

வேலியாகச் சோளன் நடுவோம். கன்று நடுவதற்கு இரண்டு, மூன்று கிழமைக்கு முன் தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை சோளன் அல்லது இறுங்கு போட்டால், பறந்து வரும் அழுக்கணவன் முதலில் அதில் தங்கித் தன் வாயிலுள்ள வைரசை இழந்துவிடும். அழுக்கணவன் ஒரு கன்றைக் குத்திச் சில விநாடிகளிலேயே வைரசைக் கொடுத்துவிடும். மருந்து அதைக் கொல்லுமுன் காரியம் முடிந்துவிடும். அதனால் மருந்தைவிட வேலி நல்லது.

களையை அகற்றுவோம். பல வருடம் தரிசாய்க் கிடந்த காணியில் ஊமத்தை, மணித்தக்காளி போன்றவை வைரசுக்கும் பூச்சிக்கும் வீடாக இருக்கும். நடுவதற்கு முன்பே வேலியோரம் வரை துப்புரவாக்குங்கள்.

நோயுற்ற கன்றை மூடி அகற்றுவோம். பொலித்தீன் பையால் கன்றை மூடிப் பிடுங்கினால் வெண் ஈ பக்கத்துக் கன்றுக்குப் பறக்காது. பிடுங்கியதைத் தாழ்த்துவிடுங்கள், வேலியோரம் போடவேண்டாம். காய் பிடித்த பிறகு நோய் கண்ட கன்றை விட்டுவைக்கலாம். ஓரளவு காய் தரும்.

பூச்சியைக் குறைப்போம். மஞ்சள் வர்ணம் பூசிய தகரத்தில் கிறீஸ் தடவி, கன்றின் உயரத்தில் நட்டால் வெண் ஈ ஒட்டும். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளியுங்கள்.

கையைக் கழுவுவோம். கன்று நடுமுன்னும் காய் பறிக்குமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். நோயுற்ற வரிசையில் கடைசியாக வேலை செய்யுங்கள்.

இடம் மாறும்போது

ஊர் திரும்புகிறவர்கள் முன்பு இருந்த இடத்திலிருந்து கன்று கொண்டுவருவதுண்டு. அது அன்பினால் செய்வது. ஆனால் நோயும் கூடவே வரும். கன்றை விட்டு, விதையைக் கொண்டுவாருங்கள். அதையும், முழுப் போகமும் நோயின்றி நின்ற கன்றின் பழுத்த காயிலிருந்து எடுங்கள். சந்தேகம் இருந்தால் நோயுற்ற குருத்தோடு விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது தோட்டத்தில் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது? எத்தனை கன்றில்?

2. சென்ற போகத்தில் மருந்துக்கு எவ்வளவு செலவழித்தோம்? எந்தப் பூச்சிக்கு என்று தெரிந்து அடித்தோமா?

3. ஒருவர் மட்டும் நோயுற்ற கன்றை அகற்றி, அயலவர் அகற்றாவிட்டால் என்ன நடக்கும்? எமது கிராமத்தில் ஒரே கிழமையில் எல்லோரும் சேர்ந்து செய்ய முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். வெண் ஈக்கு வேலி தெரியாது. அயலும் சேர்ந்து காத்தால்தான் எமது கன்றும் தப்பும்.