லிவிங்ஸ்டனின் தாள்களைத் தேடிச் செல்வோர்க்கு

ஸ்காட்லாந்துக்குப் பிரயாணம் போகிறவர்களில் பெரும்பாலோர் எடின்பரோக் கோட்டையைக் கண்ட திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். ஆப்பிரிக்க யாத்திரிகர் டேவிட் லிவிங்ஸ்டனின் சரித்திரத்தை அவர் கையெழுத்தின் அருகிலேயே நின்று அறிய ஆசைப்படும் அன்பர்கள் முதலில் போக வேண்டிய ஸ்தலம் பிளான்டயர் என்னும் சிற்றூரே என்பது என் அபிப்பிராயம். கிளாஸ்கோ மத்திய நிலையத்தில் ரயிலேறினால் அரைமணிக்குள் வந்துவிடும். இறங்கி நடந்தே போகலாம். அங்குள்ள பொருட்காட்சிசாலையின் கட்டணத்தையும் அது திறந்திருக்கும் நாள்களையும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளைட் நதிக்கரையில், பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் இருபத்துநான்கு நெருங்கி வாழ்ந்த நெடுங்கட்டடத்தின் ஓர் அறையில், 1813-இல் அவர் பிறந்தார். பத்து வயதில் ஆலைக்குப் போனார். அந்தக் கட்டடமே இன்று பொருட்காட்சிசாலை. வெளியே, சிங்கம் அவரைத் தாக்கும் வெண்கலச் சிலையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நீங்கள் நிற்க வேண்டாம், உள்ளே போங்கள்.

இங்குள்ள செல்வங்களில் தலையாயது 1871-ஆம் ஆண்டு நாட்குறிப்பு. காங்கோவின் உட்பகுதியில், நியாங்வேயில், தாளும் மையும் தீர்ந்துபோன நிலையில், பழைய லண்டன் செய்தித்தாளின் அச்சு வரிகளுக்குக் குறுக்கே, செடியிலிருந்து எடுத்த சாயத்தைத் தொட்டு அவர் எழுதிவந்தார். ஜூலை 15 அன்று, அடிமை வியாபாரிகளின் ஆட்கள் சந்தைக்கு வந்திருந்த ஜனங்களைச் சுட்டுத் தள்ளியதைக் கண்ணெதிரே கண்டு அவர் எழுதிய பக்கங்கள் காலத்தால் மங்கிப் படிக்க இயலாமற் கிடந்தன. பலவித நிற ஒளிகளில் படமெடுத்து அவற்றைத் திரும்பத் துலக்கி 2011-இல் வெளியிட்டார்கள். உலகம் 1874 முதல் அச்சில் படித்ததோ, அவர் பின்னர் மாற்றி எழுதிய வடிவம். இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பாக்கியத்துக்காகவே நான் மறுபடியும் அங்கே போவேன். மூலத்தாள்களைக் காண விரும்பினால் முன்னரே எழுதிக் கேளுங்கள்.

1873-இல் அவர் இறந்தபின், அவருடைய பணியாளர்களான சூசி, சுமா முதலியோரும் நாசிக்கில் பயின்ற ஜேக்கப் வெயின்ரைட்டும், அவர் உடலோடு குறிப்பேடுகளையும் ஆயிரம் மைலுக்கு மேல் சுமந்து கடற்கரை சேர்த்திராவிட்டால் கடைசிக் குறிப்புகள் கிடைத்திரா. அவர்கள் பெயரை அங்கே சிரத்தையோடு தேடிப் படியுங்கள்.

கடிதங்களைப் படிக்க விரும்புகிறவர்கள் எடின்பரோ தேசிய நூலகத்தில் இலவசமாகப் பதிவுசெய்துகொண்டு, பென்சிலோடு போகலாம். அங்கே நிலவும் அமைதியும் ஊழியர்களின் உபசாரமும் உயர்ந்தவை. ஆனால் அதை அடையும் வழியில், ஆகஸ்ட் விழாக்காலத்தில், ராயல் மைல் வீதியில் நான் பட்ட அவஸ்தையைச் சொல்லாமல் இருக்க முடியாது: அடிக்கு அடி ஒரு துண்டுச்சீட்டு, 'பேய் உலா'வுக்கு அழைத்துக் கையைப் பிடித்திழுக்கும் தரகர்கள், மறுத்தாலும் விடாத வற்புறுத்தல், நகர இடமில்லாத ஜனத்திரள். நூலகத்தில் எனக்கென எடுத்துவைத்த பெட்டியைத் திறக்கும்போது பாதி நாள் போய்விட்டிருந்தது. ஆகஸ்டை விட்டுவிட்டு மே மாதத்தில் போங்கள்.