ஏழைக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?

நம்பிக்கை: கார் வைத்திருப்பவருக்கு எதற்கு ரேஷன் அரிசி? ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் அரசுக்கும் மிச்சம், ஏழைக்கும் லாபம்.

உண்மை: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழை யாரென்று பட்டியல் போட்டால் முதலில் விடுபடுவது ஏழைதான். வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலையும் ஒவ்வொரு நடைக்கும் கூலி வேலைக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். விவரம் தெரிந்தவர் அதே காகிதத்தைச் சுலபமாக வாங்கிவிடுவார்.

வறுமை ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. நேற்றுவரை ஆட்டோ ஓட்டியவர் இடுப்பு முறிந்து படுத்தால், சேமிப்பு கரைந்து, நகை அடகுக்குப் போய், மூன்றாம் மாதம் பிள்ளையின் படிப்பு நிற்கும். போன வருடம் எடுத்த கணக்கில் அவர் ஏழையே இல்லை. அப்படி விழும் வீட்டைத் தாங்கத்தான் எல்லோருக்குமான திட்டம் வேண்டும்.

1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று ரேஷனைப் பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அரிசி வேண்டாமென்பவர்களுக்குச் சர்க்கரை அட்டை இருக்கிறது. நிதி ஆயோக்கின் 2019-21 கணக்கில், கல்வி, உடல்நலம், வாழ்க்கைத்தரம் ஆகியவற்றை வைத்து அளக்கும் பல பரிமாண வறுமையில் இருந்தவர்கள் இந்தியாவில் 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20. ரேஷன் மட்டுமே காரணமல்ல; பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் சத்துணவும் சேர்ந்து செய்த வேலை அது.

நம்பிக்கை: சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள்.

உண்மை: பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆறு நாடுகளின் உதவித்தொகைத் திட்டங்களை ஆராய்ந்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

நம்பிக்கை: பள்ளியில் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்டாலே சாதி ஒழிந்துவிடும்.

உண்மை: இது பாதிதான் சரி. 2018-இல் திருப்பூர் மாவட்டப் பள்ளியொன்றில் பட்டியல் சாதியான அருந்ததியர் சமூகப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஊரில் சிலர் எதிர்த்தார்கள். சோறு பசியை ஆற்றும்; சாதியை அது மட்டும் ஒழிக்காது. ஒதுக்குபவர்கள்மீது சட்டமும் பாய வேண்டும்.

ரேஷன் கடையிலும் ஒதுக்கல் நடக்கிறது. விறகு சுமந்து, பாத்திரம் தேய்த்த விரலின் ரேகை பல சமயம் கடைக் கருவியில் பதிவதில்லை. "கைரேகை விழல, நாளைக்கு வா பாட்டி" என்று அனுப்பினால் அவர் பங்கு போகும். நடமாட முடியாத முதியவர்கள் வேறொருவர் மூலம் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் உண்டு. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் அதை நிரப்பிக் கொடுங்கள். கடையில் மறுத்தால் ரேஷன் புகார் எண்ணான 1967-க்கு அழையுங்கள்.