மலையைப் படமெடுக்க எந்த ஜன்னல்?

பழனி மலைமேலுள்ள வடகவுஞ்சி ஊருக்கு ரயில் இல்லை. ஆனால் பழனி மலைத்தொடரை நெடுகக் காட்டுவது திண்டுக்கல்–பழனி ரயில்தான். படம் நன்றாக அமைவது கேமராவின் விலையால் அல்ல, திசையால். இந்தப் பாதைக்குத் தெற்கே மலை இருப்பதால், பழனிக்குப் போகும்போது இடது ஜன்னல், திரும்பும்போது வலது ஜன்னல். மார்கழி, தை மாத நண்பகலில் சூரியன் மலைக்கு மேலேயே நிற்கும், சரிவுகள் கறுத்துவிடும். காலை ரயிலில் பக்கவாட்டு வெயில் ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துக் காட்டும். வடகவுஞ்சிப் பக்கம் பழனிக்கு இறங்கும் மலைச்சாலையில் கணக்கு தலைகீழ்: வடக்கே சமவெளியைப் பார்க்கும்போது அதே நண்பகல் வெயில் நம் முதுகுக்குப் பின்னால். மழை ஓய்ந்த மறுநாள் தூசி அடங்கித் தொலைவு துலங்கும்.

“எல்லாவற்றையும் போனே பார்த்துக்கொள்ளாதா?” என்பார்கள். மூடுபனியில் அது ஏமாறுகிறது: வெண்மையை அதிக வெளிச்சமென்று எடுத்துக்கொண்டு படத்தைச் சாம்பலாக்கும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். ஓடும் ரயிலில் ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பிடித்தால் பிரதிபலிப்பு விழாது. ரயிலையே படமெடுக்கும்போது, தண்டவாளத்தில் இறங்கினால்தான் அது படத்தில் கம்பீரமாக விழும் என்பது தவறு. அத்துமீறலுக்கு 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நடைமேடையின் முனையை நெருங்காமல், தள்ளி நின்று ஜூம் செய்தாலே ரயிலும் பின்னாலுள்ள மலையும் நெருங்கிவந்து நிற்கும்.