ஆழமா, பரப்பா?

அன்புள்ள கயல்விழிக்கு,

கலங்கிய ஆற்றுநீரைத் தெளியவைக்கும் படிவுத்தொட்டி ஆழமாக இருந்தால் வண்டல் நன்றாகப் படியும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆழம் கூடினால் நீர் தங்கும் நேரமும் கூடுமே! ஆனால் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் 1904இல் வெளியிட்ட கட்டுரை, அது சரியல்ல என்று காட்டியது. நீயே கணக்குப் போட்டுப் பார். மணிக்கு 500 கனமீட்டர் நீர் வருகிறது; தொட்டியின் பரப்பு 300 சதுர மீட்டர், ஆழம் 3 மீட்டர். நீர் 1.8 மணி நேரம் தங்கும். அதற்குள் 3 மீட்டர் இறங்க, துகள் மணிக்கு ஏறத்தாழ 1.67 மீட்டர் வேகத்தில் விழ வேண்டும். ஆழத்தை 6 மீட்டராக்கு. நேரம் இரட்டிக்கிறது; இறங்கவேண்டிய தூரமும் இரட்டிக்கிறது; தேவையான வேகம் அதே 1.67தான். வரும் நீரைப் பரப்பால் வகுத்தாலும் இதே எண் கிடைக்கும். ஆழம் கணக்கிலிருந்தே கழன்றுபோகிறது. பரப்பை இரட்டித்தால்தான் பாதி வேகத்தில் விழும் துகளும் முழுவதாகப் பிடிபடும்.

அப்படியானால் தொட்டிகளை ஏன் மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் கட்டுகிறார்கள் என்று கேட்பாய். நியாயமான கேள்வி. நீர் சீராக நகர்கிறது என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஆழம் மிகக் குறைந்தால் ஓட்டம் விரைந்து, படிந்த சேற்றைக் கிளப்பிவிடும். சேறு தேங்கவும் இடம் வேண்டும். இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதிப்படி, துகளின் விட்டம் பத்திலொன்றானால் விழும் வேகம் நூறிலொன்றாகும். ஒரு மைக்ரான் களிமண் துகள் ஒரு மீட்டர் இறங்கப் பத்து நாளுக்கு மேல் பிடிக்கும். அதனால்தான் படிகாரம் கலந்து துகள்களைத் திரளச் செய்கிறோம். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவந்த நம் வழக்கமும் இதே காரியத்தைத்தான் செய்தது. திரள்கள் விழும்போதே ஒட்டிப் பெருக்கின்றன, பெருக்கப் பெருக்க வேகமெடுக்கின்றன. ஆழமான தொட்டி அதற்குக் கூடுதல் நேரம் தருகிறது. ஆகவே ஹேசனின் விதியை அப்படியே ஒப்பிப்பது தவறு. ஆனாலும் முதலில் போடவேண்டியது பரப்புக் கணக்குத்தான். படிகாரத் திரள்களுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கனமீட்டர் என்று வைப்பது வழக்கம். நம் தொட்டி அதன் மேல் எல்லையில் நிற்கிறது.

இடமில்லாத நகரத்தில் பரப்புக்கு எங்கே போவது? தொட்டிக்குள்ளேயே சாய்தகடுகளை அடுக்குகிறார்கள். ஒவ்வொரு தகடும் வண்டலுக்கு ஒரு தரை. 60 பாகையில் சாய்ந்த ஒரு சதுர மீட்டர் தகடு அரை சதுர மீட்டர் தரைக்குச் சமம். படுக்கையாக வைத்தால் முழுப் பரப்பும் கிடைக்குமே என்பாய். கிடைக்கும், ஆனால் சேறு இறங்க வழியின்றித் தகடுகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். அது தானே வழுக்கி இறங்கட்டும் என்றுதான் பாதிப் பரப்பை விட்டுக்கொடுக்கிறார்கள்.

அன்புடன்,
மாமா