போர்விமானியும் பயணியர் விமானமும்: நாஞ்சில் நாட்டு அதிகாரிகளுக்குச் சில குறிப்புகள்

இந்திய விமானப் படையில் இருபது ஆண்டுகள் பணி முடித்து ஓய்வூதிய உரிமையோடு வெளிவரும் போர்விமானி, பெரும்பாலும் விங் கமாண்டர் பதவியில், நாற்பதைச் சற்றே தாண்டிய வயதில் இருப்பார். பயணியர் விமானத்தை அறுபத்தைந்து வயது வரை ஓட்டுவதற்கு இந்திய விதிகள் இடமளிப்பதால், அவருக்கு முன்னால் இன்னொரு முழுப் பணிக்காலம் கிடக்கிறது. இந்தக் கணக்கு நாகர்கோவிலிலும் தக்கலையிலும் இருக்கும் உறவினர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. "பென்சன் வருதுல்லா, இனி என்னத்துக்கு வேலை" என்பது அவர்கள் கேள்வி. பணத்துக்காகப் போய்விட்டார் என்பது படையிலேயே தங்கிவிட்ட சகாக்களின் பேச்சு. இரண்டாவது பேச்சுக்கு விடை சொல்லியாக வேண்டும். விங் கமாண்டருக்கு மேலுள்ள குரூப் கேப்டன் பதவி, அந்தக் கட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் சிலருக்கே கிடைப்பது. கிடைத்தவருக்கும் விமானத்தில் இருக்கும் நேரத்தைவிடக் கோப்புகளோடு இருக்கும் நேரமே மிகுதி. ஆகவே வெளியேறுபவரைப் பணத்தை நாடியவர் என்பதைவிடப் பறப்பதை விட மனமில்லாதவர் என்பதே பொருந்தும். கூடவே சம்பளமும் உயர்ந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உரிமம் பெறும் படிகளைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் நடத்தும் தாள்கள், வானொலித் தொடர்புக்கான தேர்வு, முதல்வகுப்பு மருத்துவச் சான்று, பின்னர் ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 போன்ற ஏதேனும் ஒரு வகை விமானத்துக்குரிய சிமுலேட்டர் பயிற்சி, அவ்வளவே. தாள்களைப் பணியில் இருக்கும்போதே எழுதி முடித்துவிட வேண்டும். விடுப்பையெல்லாம் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கும் செலவழித்துவிட்டு, வெளியேறிய பிறகு புத்தகத்தைத் திறப்பவர் வருமானமில்லாத மாதங்களைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார். சிக்கல் உள்ள இடம் பறந்த மணிக்கணக்கு. கேப்டன் ஆவதற்கு வேண்டிய போக்குவரத்து விமானி உரிமத்துக்குக் குறைந்தது 1,500 மணி நேரம் தேவை. போர்விமானத்தின் ஒரு பறப்பு பொதுவாக ஒரு மணி நேர அளவிலேயே முடிந்துவிடும் என்பதோடு, அது புறப்பட்ட தளத்துக்கே திரும்பிவிடுவதால், ஓரிடத்திலிருந்து வேறிடம் செல்லும் பயண மணிகளாகக் காட்டக்கூடியவை குறைவு. சரக்கு விமானம் ஓட்டிய சகா ஒரே நாளில் பதிவேட்டில் ஏற்றும் மணிகளைச் சேர்க்கப் போர்விமானிக்கு ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே பதிவேட்டைத் தொடக்கத்திலிருந்தே இரவு, கருவிப் பறப்பு, தொலைப்பயணம் என்று வகை பிரித்து எழுதிவைக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், இக்குறிப்புகளை எழுதுபவரின் பதிவேட்டைப் புரட்டிய அதிகாரி, ஒற்றை இருக்கை விமானத்தை இரவில் மழை மேகத்தின் ஊடே இறக்கிய மணிகளைப் பாதி அனுபவம் என்று மதிப்பிட்டார். அவர் தம் வாழ்நாளில் எந்த விமானத்தையும் தனியாக இறக்கியவர் அல்லர் என்பது பின்னர் தெரியவந்தது. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: பக்கத்து இருக்கையில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்லும்போது, இருபது ஆண்டுகள் தனியாகவே முடிவெடுத்துப் பழகிய கை என்ன செய்யும்?

இக்கேள்வியின் கனத்தை 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நிகழ்ந்ததைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இந்தியாவில் இல்லை. துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344, போயிங் 737 வகையைச் சேர்ந்தது. அதன் கேப்டன் தீபக் சாத்தே விமானப் படையில் 1981 முதல் 2003 வரை பணியாற்றியவர், விமானப் படைக் கழகத்தில் கௌரவ வாள் பெற்றவர், மிக்-21 போர்விமானம் ஓட்டியவர், சோதனை விமானி. குன்றின் தலையை வெட்டிச் சமன்செய்து அமைத்த, இரு முனைகளிலும் பள்ளம் உள்ள ஓடுபாதை கோழிக்கோட்டினுடையது. பெருமழையில் முதல் முயற்சி கைவிடப்பட்டது; அப்போது கேப்டன் பக்கத்துக் கண்ணாடியின் மழைத்துடைப்பானும் நின்றுபோயிருந்தது. இரண்டாம் முயற்சி எதிர்முனையிலிருந்து, பின்காற்றோடு நடந்தது. விமானத்தின் முதுகில் வீசும் காற்று அதன் தரைவேகத்தைக் கூட்டும், தரை தொடும் புள்ளியைத் தள்ளிக்கொண்டே போகும். 8,858 அடி நீள ஓடுபாதையில் ஏறத்தாழ 4,438 அடி கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஈரத் தரையில் எஞ்சிய பாதி போதவில்லை. விமானம் முனையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர்.

2021இல் வெளியான விசாரணை அறிக்கையில் படிப்பவரைத் தடுத்து நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. தரை தொடுவதற்கு முன்பே துணை விமானி 'கோ-அரவுண்ட்' சொல்லியிருந்தார். தரையிறக்கத்தைக் கைவிட்டு முழு விசையோடு மீண்டும் மேலே ஏறிவிட வேண்டும் என்பது அதன் பொருள். அதைச் சொன்னவர் எவ்வளவு இளையவர் ஆனாலும் விமானத்தை ஓட்டுபவர் கட்டுப்பட வேண்டும் என்பது விதி. உந்துவிசை நெம்புகோலின்மேல் கை ஏற்கனவே இருக்கிறது, அதிலுள்ள பொத்தானை விரலால் ஒருமுறை அழுத்தி நெம்புகோலை முன்னே தள்ளினால் எஞ்சின்கள் விசை கூட்டத் தொடங்கிவிடும்; ஆனால் தரை தொட்டு எதிர்விசையைத் திறந்துவிட்டால் அதன் பிறகு மேலெழ வழியில்லை. அறிக்கை இரண்டையும் குறித்தது: ஓட்டியவர் இறக்கத்தைத் தொடர்ந்தது, சொல்லியும் பயனில்லாதபோது துணை விமானி கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுக்காதது. கோழிக்கோட்டு விபத்துக்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2010 மே 22 அன்று, அதே போல் குன்றின்மேல் அமைந்த மங்களூர் ஓடுபாதையில் 158 பேர் இறந்தபோதும் துணை விமானியின் குரல் இருந்தது, கேட்கப்படவில்லை.

கோழிக்கோட்டை வைத்துப் போர்விமானிகள் துணிச்சல்காரர்கள், பயணிகளை ஏற்றத் தகாதவர்கள் என்று பேசுவோர் அறிக்கையைப் படித்தவர்கள் அல்லர். அதில் அப்படி ஒரு முடிவு இல்லை. மறுநாள் காலை அதே கேப்டன் இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டியிருந்தது, வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் அந்தப் பணி தவறும் என்ற அழுத்தத்தை நிறுவனத்தின் ஆள் நிர்வாகம் உண்டாக்கியிருந்தது என்பதை அறிக்கை சொல்கிறது. பேசுவோர் அதை விட்டுவிடுகிறார்கள். போர்விமானிகளைப் போற்றும் எதிர்த்தரப்பின் புகழ்ச்சியும் இதே அளவு மேம்போக்கானது. 2009 ஜனவரி 15 அன்று பயணியர் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய செஸ்லி சல்லன்பர்கர், எஃப்-4 பான்டம் போர்விமானம் ஓட்டியவர் என்பதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். அவர் 1980லேயே அமெரிக்க விமானப் படையை விட்டவர். இடையில் கழிந்த ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகளும் பயணியர் விமானத்தில் கழிந்தவை. இரு எஞ்சின்களும் நின்ற அந்தச் சில நிமிடங்களிலும் அவர் பக்கத்திலிருந்த துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸிடம் வேறு யோசனை உண்டா என்று கேட்டார். ஒற்றை இருக்கைப் போர்விமானத்தில் கற்றுக்கொள்ள முடியாதது அந்தக் கேள்வி.

மாற வேண்டியது தனியாகவே முடிவெடுக்கும் பழக்கம், மாறுவதற்குக் கடினமானதும் அதுவே. மிக்-21 போன்ற விமானத்தில் எரிபொருள் குறைவு, இருக்கை ஒன்று, நிலைமை கைமீறினால் இருக்கையோடு வெளியே பாய்ந்துவிடும் வழியும் உண்டு. அங்கே முதல் முயற்சியில் இறக்குவது திறமை. பயணியர் விமானத்தில் மாற்று விமான நிலையம் வரை செல்ல எரிபொருள் ஏற்றப்பட்டிருக்கிறது, மீண்டும் மேலெழுந்ததற்காக விமானியைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. ஸ்குவாட்ரனையே நடத்திய ஒருவர், தம்மைவிடப் பத்து வயது இளைய கேப்டனுக்கு வலப்புறம் துணை விமானியாக அமரும் முதல் ஆண்டுகளைத் தண்டனையாக எண்ணாமல், 'கோ-அரவுண்ட்' என்று வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு கூச்சம் தடுக்கிறது என்பதை அங்கே உட்கார்ந்து அறிந்துகொள்ள வேண்டும். இடப்புற இருக்கைக்கு வந்த பிறகு, புறப்படும் முன் நடக்கும் விளக்கத்திலேயே துணை விமானியிடம், அவர் சொன்னால் காரணம் கேட்காமல் மேலே ஏறிவிடப் போவதாகச் சொல்லிவைப்பது நல்லது. 'சார்' என்று தொடங்கி இழுக்கும் வாக்கியத்துக்கு அந்த நொடியில் நேரமில்லை. பழைய பதவிப் பெயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானிகள் அறையில் உலவுபவரிடம் எந்த இளைஞரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்.

எஞ்சியது வீடு. நாஞ்சில் நாட்டில் விமான நிலையம் இல்லை. திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர், களியக்காவிளையும் பாலராமபுரமும் நெரியும் நேரத்தில் அதைக் கடக்க இரண்டரை மணி நேரம்கூட ஆகும். திருவனந்தபுரத்தைத் தளமாகக் கேட்டு வாங்குவது நடக்கக்கூடியது, ஆனால் அதைப் பணியில் சேரும்போதே எழுத்தில் பெற வேண்டும். பின்னர் பார்க்கலாம் என்று வாய்மொழியாகச் சொன்ன நிறுவனம் ஒன்று, இக்குறிப்புகளை எழுதுபவரை வடக்கிலேயே வைத்திருந்தது. தளம் கிடைத்தாலும் அதிகாலைப் புறப்பாட்டுக்கு முந்தைய இரவைச் சாக்கை அல்லது பேட்டையில் ஒரு வாடகை அறையில் கழிக்க வேண்டும். வீட்டில் படுத்து இரண்டு மணிக்கு எழுந்து ஓட்டுநரோடு புறப்படுவதை வீட்டார் பாசம் என்று எடுத்துக்கொண்டாலும், பணிநேர விதி கணக்கிடும் ஓய்வில் அந்தப் பயணம் சேராது.