நீந்தியது யார், உடையா?

கேள்வி: புதிய சாதனம் வந்தாலே விளையாட்டில் தடை கேட்கிறார்கள். முன்னேற்றத்தைத் தடுப்பது சரியா?

பதில்: எல்லாவற்றையும் தடுக்கக் கூடாது, சிலவற்றைத் தடுத்தே ஆக வேண்டும். நீச்சலைப் பாருங்கள். 2008இல் ஸ்பீடோ நிறுவனம் எல்இசட்ஆர் ரேசர் உடையைக் கொண்டுவந்தது. நூல் தையலே கிடையாது. துணித்துண்டுகளை மீயொலியால் ஒட்டியிருந்தார்கள். ஆங்காங்கே பாலியூரிதேன் பட்டைகள். அது உடலை இறுக்கிப் பிடித்து, நீரின் இழுவையைக் குறைத்தது. மறு ஆண்டே முழுக்கப் பாலியூரிதேனால் ஆன உடைகள் வந்துவிட்டன. 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் தகர்ந்தன. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 1:46.00இல் நீந்தி ஐந்தாவதாக வந்த ஜெர்மானியர் பால் பீடர்மான், ரோமில் 1:42.00இல் முடித்து மைக்கேல் ஃபெல்ப்ஸையே தோற்கடித்தார். ஒரே ஆண்டில் நான்கு விநாடி! உடைக்கும் அதில் பங்குண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த நான்கு விநாடியில் உழைப்பு எவ்வளவு, உடை எவ்வளவு என்று பிரிக்கவே முடியாமல் போனதுதான் கோளாறு.

கோலூன்றித் தாண்டுதலில் கண்ணாடியிழைக் கோலை ஏற்றோமே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால், அந்தக் கோலை வளைத்து எழும்ப வீரர் புதிதாக ஒரு திறமையைப் பழக வேண்டியிருந்தது. நீச்சலுடையோ அணிந்தவுடனே வேலை செய்தது. அதுவும் ஒவ்வொரு உடலுக்கும் ஒவ்வொரு அளவில். 2010 முதல் துணியாலான உடை மட்டுமே, ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை என்று நீச்சல் சம்மேளனம் விதித்தது. அதன் பிறகும் சாதனைகள் முறியடிக்கப்பட்டுத்தான் வருகின்றன.