ஒலிபெருக்கியில் ஓமும் காந்தமும்

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

என் தந்தையார் எங்கள் ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பழுதான ஒலிபெருக்கி வந்தால், மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதில் வைத்துக்கொண்டு, கூம்பை விரலால் மெல்ல அழுத்துவார். முள் ஆடும். “பாருடா, காந்தம்தான் ஓமை ஆட்டுது” என்பார். ஆகவே ஓம் கூடுதலான சுருளைக் கட்டினால், வலுவிழந்த காந்தமும் ஈடுகட்டப்படும் என்பது அவர் கணக்கு. திருவிழாக் காலத்துக்கு முன் நான்கு பழைய ஒலிபெருக்கிகளுக்கு மெல்லிய கம்பியில் காயில் கட்டலாமா என்று என்னைக் கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. இக்கட்டுரை அக்கேள்வியால் பிறந்தது.

முதலில் அந்த முள்ளைப் பார்ப்போம். ஓம் அளக்கும் மல்டிமீட்டர் தன் மின்கலத்திலிருந்து சிறு மின்னோட்டத்தைச் சுருளில் செலுத்துகிறது. கூம்பு நகர்ந்தால் சுருள் காந்தப்புலத்தை வெட்டுகிறது. 1831இல் ஃபாரடே கண்டபடி அதில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. முள்ளை ஆட்டுவது அதுவே. உள்ளே அழுத்தினால் ஒரு பக்கம், விட்டால் மறு பக்கம். அழுத்தியபடியே அசையாமல் வைத்திருங்கள். முள் பழைய இடத்திற்கே வந்து நிற்கும். செம்புக் கம்பியின் தடையை நிர்ணயிப்பவை அதன் நீளம், பருமன், வெப்பநிலை ஆகியவையே. ஒலிபெருக்கிக் காந்தம் அதை நாம் அளக்கக்கூடிய அளவுக்கு மாற்றுவதில்லை. வெப்பமோ நன்றாகவே மாற்றும்: நூறு டிகிரி ஏறினால் 6.4 ஓம் ஏறத்தாழ 8.9 ஓம் ஆகிவிடும்.

‘8 ஓம்’ என்று எழுதியிருந்த ஒன்றைக் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தேன். நேர்மின்னோட்டத்தில் தடை 6.4 ஓம். அலையியற்றியை இணைத்து அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே வந்தபோது, 85 ஹெர்ட்ஸ் அருகே மின்னெதிர்ப்பு 30 ஓமைத் தாண்டியது. கூம்பை உள்ளங்கையால் இறுகப் பிடித்தேன். அந்த ஏற்றம் மறைந்தது! ஒத்ததிர்வில் சுருள் வேகமாக ஆடுவதால் எதிர் மின்னியக்கு விசை மிகுகிறது. காந்தத்தின் கைவண்ணம் இங்கேதான். இந்தக் கூடுதல் எதிர்ப்பு காந்தப்புலத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் அமையும்.

இனிக் காயிலுக்கு வருவோம். சுருளை உந்தும் விசை, காந்தப்புலம், கம்பியின் நீளம், மின்னோட்டம் ஆகிய மூன்றின் பெருக்கம். காந்த முனைகளின் இடைவெளி மிகக் குறுகியது. அதில் கொள்ளும் செம்புக்கு ஓர் அளவுண்டு. கம்பியின் குறுக்குப் பரப்பைப் பாதியாக்கினால் நீளத்தை இரு மடங்காக்கலாம். தடையோ நான்கு மடங்காகிறது. அதே வோல்ட்டில் மின்னோட்டம் கால் பங்கு. ஆகவே விசை பாதியாகக் குறைகிறது. செலவாகும் திறனும் கால் பங்குதானே என்று நண்பர்கள் வாதிடலாம். உண்மைதான். புலத்தையும் நீளத்தையும் பெருக்கி, வர்க்கம் எடுத்து, தடையால் வகுத்தால் ஒரு வாட்டுக்குரிய விசையின் வர்க்கம் கிடைக்கும். இங்கு நான்கை நான்கால் வகுக்கிறோம். இலாபம் ஒன்றுமில்லை, கம்பிக் காசு போனதுதான் மிச்சம். மாறாக, புலம் 0.8 டெஸ்லாவிலிருந்து 1.0 ஆக உயர்ந்தால் அதே எண் 1.56 மடங்காகிறது.

1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் இருவரும் இவ்வகை ஒலிபெருக்கியை உருவாக்கியபோது மின்காந்தத்தை நாடியதன் காரணம் இதிலிருந்து விளங்கும். அக்கால நிலைக்காந்தங்கள் போதிய புலத்தைத் தரவில்லை. பின்னர் வந்த ஆல்நிகோ காந்தம் வலுவுடையது. ஆனால் இரும்புச் சட்டத்திலிருந்து பிரித்தெடுத்தாலே அதன் காந்தத்தன்மை ஓரளவு குறைந்துவிடும். திரும்பப் பொருத்துவதால் இழந்தது மீளாது. பழுது பார்ப்போர் அதைக் கழற்றாதிருப்பது நலம். கழற்றியிருந்தால், முழுவதும் பொருத்திய பிறகு மறுபடி காந்தமேற்ற வேண்டும்.